வேலையை ஒழுங்காகச் செய்தும் மதிப்பீட்டில் குறை: ஒரகடத்துப் பயிற்சிப் பொறியாளருக்குப் பதில்

கேள்வி: திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் எனக்கு. மெக்கானிக்கல் முடித்துவிட்டு, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் எட்டு மாதமாகப் பயிற்சிப் பொறியாளராக இருக்கிறேன். சொன்ன வேலையை முடிக்கிறேன், லீவு போடுவதில்லை, யாரிடமும் சண்டை இல்லை. ஆனாலும் மதிப்பீட்டில் ‘கம்யூனிகேஷன் போதாது, பொறுப்பெடுத்துச் செய்வதில்லை’ என்று எழுதிவிட்டார்கள். ஆங்கிலம் எனக்குச் சரளமாக வராது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரட்டுமா? அல்லது பைதான் படித்து ஐ.டி. பக்கம் போய்விடட்டுமா? நிரந்தரம் ஆக இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

பதில்: இப்போதைக்கு இரண்டு வகுப்புக்கும் பணம் கட்டாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளின் ஷாப் ஃப்ளோரில் (உற்பத்தி நடக்கும் தளத்தில்) நாள் முழுக்கப் புழங்குவது தமிழும் கொஞ்சம் இந்தியும்தான். உங்கள் மேலாளர் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து அப்படி எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘நடப்பது எதுவும் இந்தப் பையனிடமிருந்து நேரத்துக்கு வந்து சேர்வதில்லை’ என்பதுதான் அவருடைய குறையாக இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 25 மி.மீ. போர் (துளை), எச்7 டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்). அதாவது 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம். காலையில் துளையை அளக்கும் போர் கேஜில் 25.014 காட்டுகிறது. டீ நேரத்தில் 25.010, சாப்பாட்டுக்குப் பிறகு 25.006. இன்செர்ட் (துளையைக் கடையும், மாற்றிப் போடக்கூடிய வெட்டுமுனை) தேயத் தேயத் துளை சிறுத்துக்கொண்டே வரும். உங்களைப் போன்ற பலர் மூன்று அளவையும் தாளில் எழுதி, பக்கத்தில் ‘ஓகே’ போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எல்லாம் லிமிட்டுக்குள் இருப்பதால் சொன்ன வேலை முடிந்துவிட்டது. அடுத்த ஷிஃப்டில் 24.998 வந்து, அது யார் கண்ணிலும் படாமல் நூறு பீஸ் வண்டி ஏறிவிட்டால் கதையே வேறு. கார் கம்பெனிகள் வாரக்கணக்கில் சரக்கை அடுக்கி வைப்பதில்லை. வந்த பாகம் சீக்கிரமே கார் பூட்டும் லைனுக்குப் போய்விடும். அங்கே மாட்டினால், உங்கள் ஆலை சொந்தச் செலவில் ஆள் அனுப்பி ஒவ்வொரு பீஸாகப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

பொறுப்பெடுப்பது என்றால் ராத்திரி எட்டு மணிவரை ஆலையில் உட்கார்ந்திருப்பது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அந்தச் சாப்பாட்டு நேரத்து அளவைப் பார்த்ததும் மேலாளரிடம் போய் இப்படிச் சொன்னாலே போதும்: “சார், மூணாவது மெஷின்ல போர் சைஸ் காலையிலேர்ந்து இறங்கிக்கிட்டே வருது. இப்போ 25.006. இப்படியே போனா செகண்ட் ஷிஃப்ட்ல லிமிட்டைத் தாண்டிடும். இன்செர்ட்டை இப்பவே மாத்திடலாம்னு நினைக்கிறேன், சரிதானே?” என்ன நடக்கிறது, எந்த அளவில் இருக்கிறது, விட்டால் என்ன ஆகும், நீங்கள் என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்ற நான்குமே இதில் வந்துவிட்டன. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுவார்கள். உங்கள் யோசனை தவறாகவே இருக்கட்டும், சொல்லுங்கள். மேலாளர் திருத்துவார், அந்தத் திருத்தம்தான் உங்களுக்குக் கிடைக்கும் பயிற்சி.

பள்ளி, கல்லூரி இரண்டிலும் தெரியாததை வெளியில் காட்டாமல் இருந்தவனுக்குத்தான் நன்மை. அந்தப் பழக்கம் ஆலைக்குள்ளும் கூடவே வந்துவிடுகிறது. உங்கள் ஆலையில் ஆண்டன் விளக்கு இருக்கும், பார்த்திருப்பீர்கள்; பழுது கண்டால் பொத்தானை அழுத்தி எரியவிடும் எச்சரிக்கை விளக்கு. அதன் வேர் ஒரு தறியில் இருக்கிறது. ஜப்பானில் சகிச்சி டொயோடா, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறிகளைச் செய்தார். 1924இல் முழுத் தானியங்கித் தறியையும் கொண்டுவந்தார். பழுதான துணியை ஓட்டிக்கொண்டே போவதைவிட நிறுத்துவது லாபம் என்ற அந்த யோசனைதான் பின்னாளில் டொயோடா கார் ஆலைகளுக்குள் வந்தது. அங்கே லைனில் நிற்கும் தொழிலாளி கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், லைனையே நிறுத்தவும் செய்யலாம். நம் ஆலைகள் பலவற்றில் விளக்கை மாட்டிவிட்டோம். அதன் பொத்தானை அழுத்தும் தைரியத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தோமா என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

“சொன்னால் திட்டுகிறாரே” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து, 1996இல் முடிவுகளை வெளியிட்டார். நல்ல குழுக்களில் தவறு குறைவாகப் பதிவாகியிருக்கும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். கிடைத்தது நேர்மாறு, அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. அந்தக் குழுக்களில் செவிலியர்கள் பயமில்லாமல் தவறைச் சொன்னதே அதற்குக் காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஆகவே உங்கள் மௌனத்தில் உங்கள் மேலாளருக்கும் பங்கு இருக்கலாம். கோபக்காரராக இருந்தால் பத்துப் பேர் நடுவில் சொல்லாதீர்கள். ஷிஃப்ட் தொடங்கும்போது தனியாகப் போய், அளவைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். பிறகு குரூப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள். நேரத்தில் உண்மை சொன்னதற்காக மாதக்கணக்கில் ஒருவரைத் தண்டிக்கும் இடமானால், வேறு வேலை தேடுவதில் தப்பே இல்லை.

அடுத்தது ஆபரேட்டர்கள். இதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐ.டி.ஐ. முடித்து அதே மெஷினில் பத்து, பதினைந்து வருஷம் நின்றவருக்குச் சத்தத்தை வைத்தே இன்செர்ட் தேய்ந்தது தெரியும். பட்டம் வாங்கியவர் என்ற நினைப்பில் தள்ளி நின்றால் அந்த அறிவு உங்களுக்கு வராது. “அண்ணே, இது ஏன் இப்படிச் சத்தம் போடுது?” என்று கேளுங்கள். அவர் சொன்னதை மேலாளரிடம் சொல்லும்போது, முதலில் கவனித்தவர் அவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் இன்னும் கவனமாக அவர் பெயரைச் சொல்லுங்கள். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஷிஃப்ட் மாறும்போது எழுதும் லாக் புக்கில் ‘மெஷின் ஓகே’ என்று எழுதுவதை நிறுத்துங்கள். எந்த மெஷினில் எத்தனை மணிக்கு இன்செர்ட் மாறியது, கழித்த பீஸைப் போடும் ரெட் பின்னில் எத்தனை பீஸ் போனது, முடிவு தெரியாமல் தனியே வைத்தது எத்தனை, அடுத்து வருபவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று நான்கு வரி எழுதினால் போதும்.

ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வரும்போதும் மெயில் எழுதும்போதும் அது தேவைப்படும். ஆனால் அந்த ஆங்கிலம் உங்கள் ஆலையிலேயே கிடைக்கிறது. தரப் பிரிவில் கேட்டு, போன வருஷத்து வாடிக்கையாளர் புகார்களுக்கு எழுதிய 8டி அறிக்கைகளை (சிக்கலின் காரணத்தையும் தீர்வையும் எட்டுப் படிகளில் எழுதுபவை) வாரம் ஒன்று வாசியுங்கள். தேவையான சொற்கள் பழகும், ஆலை எங்கெல்லாம் அடி வாங்கியது என்பதும் தெரியும். கூடவே எக்செலில் தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளும், அளவுகளை வரிசையாகக் கோட்டுப்படம் போடுவதும் கற்றுக்கொள்ளுங்கள். தரக் கட்டுப்பாட்டுப் பாடங்களை ஐ.ஐ.டி.களின் இணையப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்-இல் இலவசமாகப் பார்க்கலாம். மெயிலைத் திருத்த ஏ.ஐ. கருவியைப் பயன்படுத்துங்கள், ஆனால் வாடிக்கையாளரின் வரைபடத்தையோ அளவுகளையோ அதில் ஒருபோதும் ஏற்றாதீர்கள். அவை ரகசிய ஒப்பந்தத்துக்குள் வருபவை.

இந்த வாரமே மேலாளரிடம் பத்து நிமிஷம் கேளுங்கள். எதிர்வாதம் வேண்டாம். “நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்னு நீங்க நினைச்ச ரெண்டு சம்பவம் சொல்லுங்க சார்” என்று மட்டும் கேட்டு, சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கவும் அப்போதே நேரம் வாங்கிவிடுங்கள்.

பைதான் பிடித்திருந்தால் நிரந்தரமான பிறகு படியுங்கள், மெஷின் தரவுகளை அலசத் தெரிந்த பொறியாளர் ஆலைக்கும் வேண்டும். இந்த ஒரு குறிப்புக்கு மனம் உடைந்து ஐ.டி.க்கு ஓட வேண்டாம். ஒன்று பாக்கி: உங்கள் பணி நியமன ஆணையை எடுத்து, பயிற்சிக் காலம் முடிந்ததும் தானாக நிரந்தரமா, தனிக் கடிதம் வர வேண்டுமா, காலத்தை நீட்டிக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கடிதம் தேவை என்றிருந்தால், அது யார் கையெழுத்தில் எப்போது வரும் என்பதை மனிதவளப் பிரிவில் இப்போதே மெயிலில் கேட்டு வையுங்கள்.