எறும்பு ஏறினால் புயல் வருமா?

கேள்வி: எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை, அந்தியில் ஈசல் பூத்தால் அடைமழை என்று எங்கள் அப்பாயி சொல்வார். ஆனால் கஜா புயல் வந்தபோது இப்படி எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. இதையெல்லாம் நம்பலாமா? - வாசகி, வேதாரண்யம்

பதில்: மழைக்கு ஓரளவு நம்பலாம். புயலுக்கு இதை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள், தயவுசெய்து.

அப்பாயி சொன்னது வெறும் கதை இல்லை. புற்றுக்குள் ஈரம் ஏறினால் எறும்பு குஞ்சுகளைக் காய்ந்த இடத்துக்கு மாற்றும் (நாம் முட்டை என்பது பெரும்பாலும் புழுவும் கூட்டுப்புழுவும்தான்). ஈசலும் அப்படித்தான், மண் நனைந்து காற்று அடங்கிய வேளையில் கிளம்பும், அதாவது மழைக்காலம் தொடங்கிவிட்டது என்று சொல்கிறது, 300 கிலோமீட்டர் தள்ளி வங்கக் கடலில் என்ன சுழல்கிறது என்று அதற்குத் தெரியாது.

சில உயிர்கள் முன்கூட்டியே விலகுவதும் உண்மை. 2001-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கேப்ரியல் புயல் நெருங்கி காற்றழுத்தம் இறங்கியபோது, கருவி பொருத்திக் கண்காணித்த சுறாக்குட்டிகள் ஆழமில்லாத விரிகுடாவை விட்டு வெளிக்கடலுக்குப் போய்விட்டு, புயல் கடந்த பிறகு திரும்பி வந்தன. ஆனால் எல்லா விலங்குக்கும் இது வாய்ப்பதில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கோடியக்கரையில் கஜாவுக்கு எத்தனை மான்கள் செத்துக் கடற்கரையில் ஒதுங்கின, அதை நினைத்தால் இன்றும் மனசு தாங்கவில்லை.

உங்களுக்குக் கைகொடுப்பது கடல். கரையில் காற்றே இல்லாத நாளில், நீள நீளமாக, இடைவெளி விட்டு, கனத்த அலை வந்து மோதினால் தூரத்தில் ஏதோ இருக்கிறது என்று பொருள். புயல் பெரும்பாலும் மணிக்கு 15, 20 கிலோமீட்டர்தான் நகரும், அது கிளப்பிவிட்ட நீள அலை அதைவிட வேகமாக ஓடி முன்னாலேயே கரைக்கு வந்துவிடும். இதை மீனவப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். அப்புறம், அந்த அலையும் புயல் எங்கே கரை ஏறும் என்று சொல்லாது. கஜா கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை, வானிலை மையம் அதற்குப் பெயர் வைத்து அறிவித்தது 11-ஆம் தேதி. வீட்டுக் கூரையை இழுத்துக் கட்டி, மாட்டை அவிழ்த்துவிட்டு, குழந்தைகளோடு கிளம்ப அந்த ஐந்து நாள்தான் கணக்கு.

கேள்வி: நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினால் மழை என்பது? - வாசகர், கடலூர்

பதில்: "எட்ட வட்டம் கிட்ட மழை" என்பார்களே, அது சரியான கவனிப்பு. மிக உயரத்தில் பனித்துகளாலான மெல்லிய மேகம் பரவும்போது பெரிய வட்டம் தெரியும். கையை நீட்டி சாண் விரியுங்கள், கட்டைவிரல் நிலாவில் இருந்தால் சுண்டுவிரல் ஏறக்குறைய வட்டத்தைத் தொடும். அந்த மேகம் மழை மண்டலத்துக்கு முன்னால் வரக்கூடியது. ஐப்பசி, கார்த்திகையில் பார்த்தால் அன்றைக்கே வானிலை அறிக்கையைக் கேளுங்கள், மாசியில் பார்த்தால் பெரும்பாலும் மழை வராது.