கேளுங்கள், சொல்கிறோம்: செப்டம்பர் 2 ஆன மரபணு

தகவல் அமைப்பு மேலாண்மை பாடத்தின் செய்முறைக்காக மரபணுப் பட்டியல் ஒன்றை எக்செல்லில் திறந்தேன். சில பெயர்கள் தேதியாகிவிட்டன. எப்படித் திருத்துவது?
– பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் மாணவி, கோவை

மாறியதைத் திருத்தப் பார்க்காதீர்கள். மூலக் கோப்பிலிருந்து மறுபடி எடுங்கள். செப்ட்2 (SEPT2) என்று இருந்த மரபணுப் பெயரை எக்செல் செப்டம்பர் 2 என்று எடுத்துக்கொண்டு, உள்ளே ஓர் எண்ணாகச் சேமித்துவிடுகிறது. அந்தக் கட்டத்தை 'டெக்ஸ்ட்' ஆக்கினால் 45,000க்கு மேல் ஓர் எண் நிற்குமே தவிர பெயர் திரும்பாது. தேதி மட்டுமல்ல, 2310009இ13 போன்ற அடையாள எண்ணும், நடுவிலுள்ள 'இ'யைப் பத்தின் அடுக்காக எடுத்துக்கொள்வதால், 2.31இ+19 ஆகிவிடும். அப்படியே சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) ஆகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான்.

சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறப்பதுதான் வினை. காலி ஒர்க்புக்கைத் திறந்து, 'டேட்டா' டேப்பில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். முன்னோட்டத்தில் டேட்டா டைப்பைக் கண்டறிய வேண்டாம் என்ற தேர்வு இருக்கும். அதை வைத்து ஏற்றுங்கள். தலைப்பு வரி தரவு வரியோடு சேர்ந்து வரலாம், அது சின்ன விஷயம். 2023 முதல் எக்செல் ஆப்ஷன்ஸிலேயே இந்த மாற்றத்தை நிறுத்தும் வசதி வந்திருக்கிறது. ஆனால் உங்கள் கணினியில் நிறுத்தினால் உங்களோடு சரி. கோப்பு வாங்குபவர் கணினியில் என்ன ஆகும்?

மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே அலுத்துப்போய், செப்ட்2-ஐ செப்டின்2 என்றும் மார்ச்1-ஐ மார்ச்எஃப்1 என்றும் மாற்றியது. 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். பழைய கோப்புகளில் பழைய பெயரே இருக்கும். ஆகவே பெயரை முதன்மைச் சாவியாக, அதாவது ஒரு வரியைத் தனித்துக் காட்டும் அடையாளமாக, வைக்காதீர்கள். டிபி53 மரபணுவுக்கு என்செம்பிள் தரவுத்தளம் தரும் இஎன்எஸ்ஜி00000141510 மாதிரி எண்ணை வையுங்கள். அதன் வால் போல '.18' என்று பதிப்பெண் ஒட்டியிருந்தால் தனி நெடுவரிசைக்கு மாற்றுங்கள். ஓர் அட்டவணையில் வாலோடும் இன்னொன்றில் வாலில்லாமலும் இருந்தால், இரண்டையும் ஜாயின் செய்து இணைக்கும்போது பிழைச் செய்தியே இல்லாமல் காலிப் பட்டியல் வரும்.

எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் ஃபாரின் கீ (இன்னோர் அட்டவணையில் இருக்கும் எண்ணை மட்டுமே ஏற்கும் கட்டுப்பாடு) கொடுத்திருந்தும், இல்லாத மாதிரியின் (சாம்பிள்) எண்ணை அட்டவணை ஏற்றுக்கொள்கிறதே?
– கணினி அறிவியல் மாணவர், திருநெல்வேலி

எஸ்க்யூலைட்டில் அந்தச் சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை இணைப்பைத் திறந்ததும் 'பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்' என்று கட்டளை கொடுக்க வேண்டும். டிரான்ஸாக்‌ஷன் (பல மாற்றங்களை ஒன்றாகச் சேமிக்கும் தொகுப்பு) நடுவே கொடுத்தால் சத்தமில்லாமல் புறக்கணிக்கும். ஏற்கெனவே புகுந்த தவறான வரிகளை 'பிராக்மா ஃபாரின்_கீ_செக்' காட்டிக்கொடுக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். மரபணு ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடுவரிசை வைத்து அட்டவணை போடும் வழக்கம் மாணவர்களிடம் உண்டு. எஸ்க்யூலைட்டின் இயல்பான வரம்பு 2,000 நெடுவரிசை. மாதிரி எண், மரபணு எண், அளவு என மூன்றே நெடுவரிசை போதும். 200 மாதிரி, 20,000 மரபணு என்றால் 40 லட்சம் வரி. முதல் இரண்டையும் சேர்த்து முதன்மைச் சாவியாக்கிவிட்டால் மாதிரி எண்ணை வைத்துத் தேடுவது தாமதிக்காது.

ஃபாஸ்ட்க்யூ கோப்புகளையும் (டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் கருவி தரும் மூலத் தரவு) டேட்டாபேஸுக்குள்ளேயே வைக்கலாமா?
– ஆய்வு மாணவி, சென்னை

வேண்டாம். கோப்பு வட்டிலேயே இருக்கட்டும். அட்டவணையில் அதன் பாதை, பைட் அளவு, எம்டி5 மதிப்பு (கோப்பு மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஆகியவற்றை எழுதுங்கள். அதிலிருந்து வரும் முடிவுகளை வைக்கும் அட்டவணையில், ஜிஆர்சிஎச்37-ஆ 38-ஆ எந்த மனித மரபணுத்தொகைப் பதிப்பு என்பதற்கு ஒரு நெடுவரிசை கட்டாயம். இரண்டிலும் ஒரே மரபணுவின் இட எண் வேறு வேறு.