பாட்டி பக்கத்திலேயே படுத்துப் பழகியவனை ஏழு நாள் கேம்புக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. மே மாதம் ஏற்காட்டில் நடக்கும் 7 நாள் கோடை முகாமுக்கு அவனுடைய வகுப்புத் தோழர்கள் இருவர் போகிறார்கள். இவனும் போகணும் என்று நச்சரிக்கிறான். இதுவரை ஓர் இரவுகூட எங்களை விட்டு இருந்ததில்லை. பாட்டி பக்கத்தில்தான் படுப்பான். மாதத்தில் ஒன்றிரண்டு நாள் படுக்கையை நனைத்தும் விடுகிறான். "பச்சைப் புள்ளைய மலையில கொண்டுபோய் விடறதா?" என்கிறார் மாமியார். அனுப்பலாமா? அதனால் நிஜமாகவே பயன் உண்டா? - வாசகி, ஈரோடு

பதில்: அவனே கேட்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது. முகாமில் அதிகம் ஏங்குவது, தன் விருப்பம் கேட்கப்படாமல் அனுப்பப்பட்ட பிள்ளைதான். அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன் வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது.

முதலில் பயன். விளம்பரத்தில் வில்வித்தை, கயிறு ஏற்றம், கூடாரம் எல்லாம் இருக்கும். நல்லதுதான், ஆனால் நான் அவற்றுக்காக அனுப்பச் சொல்லவில்லை. ஐந்து நாள் முகாம் முடித்து வந்த ஒரு பையனிடம், "என்னடா கத்துக்கிட்டே?" என்று அவன் அம்மா என் எதிரிலேயே கேட்டார். "தலையணை உறை மாட்டத் தெரியும்" என்றான். தலையணையின் ஒரு முனையைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு உறையை மேலே இழுக்க வேண்டுமாம், செய்தே காட்டினான். இதுக்கா இவ்வளவு பணம் என்று அம்மாவின் முகம் சுருங்கியது. எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

வீட்டில் அவனுக்கு முறுகல் தோசை தட்டுக்கு வரும். முகாமில் உப்புமா என்றால் உப்புமாதான். பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை விடுவான், குளிக்க வரிசையில் நிற்கணும், காணாமல் போன சாக்ஸை அவனே தேடணும். "அம்மா" என்று குரல் கொடுத்தால் யாரும் வராத அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது என்று அவனாக ஒரு வழி கண்டுபிடிப்பான். அதை வீட்டில் வைத்து நம்மால் சொல்லித்தர முடியாது. நாம்தான் முதல் குரலுக்கே ஓடிவிடுகிறோமே!

போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சுமார் 50 பேரை 5 நாள் எந்தத் திரையும் இல்லாத இயற்கை முகாமில் வைத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. வழக்கம்போல் பள்ளியில் இருந்த பிள்ளைகளைவிட, முகத்தையும் சைகையையும் பார்த்து அடுத்தவர் மனநிலையைப் புரிந்துகொள்வதில் இவர்கள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். போனைப் பிடுங்கியதைவிட, நாள் முழுக்க முகம் பார்த்துப் பேசியதே காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

இனி ஏக்கம். அது வரும். பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்திலும் படுக்கும் நேரத்திலும், கை சும்மா இருக்கும்போது வரும். நாம் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: "புடிக்கலேன்னா சொல்லு கண்ணு, அப்பா உடனே வந்து கூட்டிட்டு வந்துருவாரு." அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த ஒப்பந்தம் கூடவே கூடாது என்கிறது. உன்னால் முடியாது என்று அம்மாவே நினைக்கிறாள் என்றுதான் பிள்ளைக்கு அது கேட்கும். முதல் இரவிலேயே அந்த வாக்குறுதி ஞாபகம் வரும். அதற்குப் பதில், "ஞாபகம் வரும், எல்லாருக்கும் வரும். வந்தா அங்க இருக்கற அண்ணாகிட்ட சொல்லு" என்று சொல்லி அனுப்புங்கள்.

அதற்கு ஒத்திகையும் வேண்டும். அடுத்த சனி, ஞாயிறு அத்தை வீட்டிலோ சித்தி வீட்டிலோ இரண்டு இரவு தங்கட்டும். போன் வேண்டாம், ஒரு கடிதம் எழுதட்டும். முகாமுக்குப் போகும்போது பாட்டியின் பழைய நூல்சேலை ஒன்றைப் போர்வையாகக் கொடுத்துவிடுங்கள். அதை மடித்துத் தரும் வேலை மாமியாருடையது. பாதி எதிர்ப்பு அதிலேயே அடங்கிவிடும்.

படுக்கை நனைப்பதற்காக அவனை நிறுத்தாதீர்கள். 10 வயதில் நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளுக்காவது இது உண்டு. ஒரு மாதம் முன்பே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மலச்சிக்கல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். அதுவே காரணமாக இருப்பதுண்டு. இரவில் சிறுநீர் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையும் இருக்கிறது. அதை அவர் எழுதிக்கொடுத்தால் மட்டும், அதுவும் வீட்டில் சில நாள் கொடுத்துப் பார்த்த பிறகே கொடுத்தனுப்ப வேண்டும். அதைப் போட்ட இரவு தண்ணீர் அளவு பற்றி அவர் சொல்வதை அப்படியே கேளுங்கள். முகாம் பொறுப்பாளரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கீழ்க்கட்டில், ஒரு டார்ச், மாற்று உடை, இரவில் ஒருமுறை எழுப்பிவிட ஒரு ஆள், இவை போதும்.

முகாம்காரர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, இரவில் எந்த அறையில் எந்தப் பெரியவர், எத்தனை பேர் என்பதைத்தான். 9 முதல் 14 வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர் என்பது அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவுகோல். பதில் இழுத்தால் அந்த முகாம் வேண்டாம். மலையேற்றம் உண்டென்றால் வனத்துறை அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை நாம் மறக்கவில்லை. மருத்துவமனை எத்தனை நிமிடத் தூரம், நீச்சல் குளத்தில் யார் நிற்பார் என்பதையும் கேளுங்கள். தினமும் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவோம் என்பார்கள். அது உங்களுக்கான சேவை, அவனுக்கானது அல்ல.

உடலைத் தொடுவது பற்றி அவனிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். யார் ரகசியம் என்று சொன்னாலும் வீட்டில் சொல்லலாம் என்று தெரிந்திருக்கட்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ம் மனப்பாடமாக இருக்கட்டும்.

திரும்பி வந்த அன்று நிறையத் தூங்குவான், சிடுசிடுப்பான். "நல்லா இருந்துச்சா?" என்று துருவாமல், "பக்கத்துக் கட்டில்ல யாருடா?" என்று கேட்டுப் பாருங்கள், கதை வரும். அழுக்குத்துணிப் பையை மட்டும் நீங்கள் பிரிக்காதீர்கள். அவனே பிரித்து ஊறவைக்கட்டும். சாக்ஸ் ஜோடி சேராது, பரவாயில்லை.