பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குப் பள்ளியில் என்னென்ன புத்தகங்கள் வாங்கலாம்?

கேள்வி: நீடாமங்கலத்தை அடுத்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை தொண்ணூறு பிள்ளைகள் படிக்கிறார்கள். புதிய சிறுவர் நூல்கள் வாங்குவதற்காக முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 12,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். எவற்றை வாங்குவது, எப்படித் தேர்ந்தெடுப்பது? “பாடப் புத்தகத்தையே படிப்பதில்லை, கதைப் புத்தகம் எதற்கு?” என்று கேட்கும் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அந்தத் தொகை முழுவதையும் ஒரே நாளில் செலவழித்துவிடாதீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்வேன். கிளை நூலகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய எனக்கு, புத்தகத் திருவிழாவில் ஒரே மாலையில் இரண்டு கட்டைப்பைகளை நிரப்பிக்கொண்டு வந்து, பதிவேட்டில் எண் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்ட பள்ளிகளைப் பார்த்த அனுபவம் நிறைய உண்டு. இப்போது 5,000 ரூபாய்க்கு வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து, பிள்ளைகள் எதை எடுத்தார்கள், எதைத் தொடவே இல்லை என்று பார்த்த பிறகு இன்னொரு 5,000 ரூபாய்க்கு வாங்குங்கள். மீதமுள்ள 2,000 ரூபாயைக் கையில் வைத்திருங்கள்.

எந்தப் புத்தகத்தையும் பிள்ளைகள் முன்னால் வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகே வாங்குவது நல்லது. கிளை நூலகத்திலிருந்து ஒரு பிரதியை இரவல் பெற்றுப் படிக்கலாம். நாம் கட்டும் சொத்து வரியுடன் நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுவதால், புதிய சிறுவர் நூல்கள் வேண்டுமென்று நூலகரிடம் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. நூலகத்தில் கிடைக்கவில்லை என்றால், கடையிலேயே நின்று இரண்டு பக்கங்களையாவது குரலெடுத்துப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் பிள்ளையின் மனமும் தடுக்கும். குறிப்பாக மொழிபெயர்ப்புப் படநூல்களில் “ஒரு நாய் ஒரு மரத்தின் கீழே ஒரு எலும்பைக் கண்டது” என்பதுபோல வரிக்கு மூன்று “ஒரு” வந்தால், அந்தத் தமிழ் இன்னும் தமிழாகவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட நூலை, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வாங்கமாட்டேன்.

படங்களையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். வலங்கைமான் பக்கத்தில் ஒரு பள்ளியில், நெல் எப்படி அரிசியாகிறது என்று சொல்லும் படநூல் ஒன்றை நான் படித்துக்காட்டிக்கொண்டிருந்தேன். அறுவடைப் பக்கத்தைத் திருப்பியதும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான்காம் வகுப்புச் சிறுமி எழுந்துவந்து படத்தில் விரலை வைத்து, “தண்ணிய வடிக்காம எப்படி சார் அறுப்பாங்க?” என்று கேட்டாள். கதிர் முற்றி மஞ்சளாக நின்ற வயலில், நடவு வயலைப்போலத் தண்ணீர் பளபளவென்று தேங்கியிருப்பதாக ஓவியர் வரைந்திருந்தார். குறுவையும் சம்பாவும் தாளடியும் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு அந்தப் பிழை ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. அறிவியல் நூல், இயற்கை நூல் எதை வாங்கினாலும், வயலையும் வாய்க்காலையும் அறிந்த பிள்ளைகள் இரண்டு பேரிடம் முதலில் காட்டிவிடுங்கள்.

அடுத்தது வாசிப்பு நிலை. வகுப்பைப் பார்த்து நூல் வாங்குவதைவிட, பிள்ளை இப்போது எவ்வளவு படிக்கிறது என்பதைப் பார்த்து வாங்குவதே சரி. தமிழக அரசின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வந்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். வெளியிலிருந்து வாங்கும் நூல்களையும் அதே நான்கு தட்டுகளில் பிரித்து அடுக்கினால் பிள்ளைகளுக்குப் பழக்கமான வழியாக இருக்கும். எந்தத் தட்டு என்று முடிவுசெய்ய எளிய முறை ஒன்று உண்டு. பிள்ளையை ஒரு பக்கம் படிக்கச் சொல்லி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்த நூல் அந்தப் பிள்ளைக்கு இப்போதைக்குக் கடினம். தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கலையும் கவனிக்க வேண்டும். “சென்றுகொண்டிருந்தபோது” என்பது பெரியவர்களுக்கு ஒரு சொல். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கோ அது ஏறவேண்டிய மலை. தொடக்கநிலை நூல்களில் சிறு சொற்களும், பெரிய எழுத்தும், பொருள் முடிகிற இடத்தில் வரியும் முடிகிற அமைப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இத்தகைய நூல்களில் தலைப்புகளைக் குறைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி வாங்குங்கள். சிறு பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து படிக்கவே விரும்புகிறார்கள்.

“புதிய நூல்” என்ற சொல்லில் ஏமாறவும் வாய்ப்பிருக்கிறது. பழைய நீதிக்கதைகளே புது அட்டையோடு ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கின்றன. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்பி முதற்பதிப்பு ஆண்டு, எழுத்தாளர், ஓவியர் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓவியரின் பெயரைக்கூடப் போடாத படநூலை நான் திரும்ப வைத்துவிடுவேன்.

எங்கே தேடுவது என்றால், ஐந்தாம் வகுப்புக்கு உட்பட்டவர்களுக்கு தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் ஆகியவற்றின் தமிழ் நூல்களிலிருந்து தொடங்கலாம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. பதிவிறக்கி அச்செடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. வாங்குவதற்கு முன் படித்துக்காட்டிப் பார்க்க இதைவிட வசதியான வழி இல்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பினருக்கு, சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் பட்டியல் நல்ல தொடக்கம். உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023இலும், யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’ 2024இலும், விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ 2025இலும் அவ்விருதைப் பெற்றன. 2020இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பாலியல் சீண்டலிலிருந்து பிள்ளைகள் தம்மைக் காத்துக்கொள்வதைப் பற்றிப் பேசுவதால், முதலில் நீங்கள் படித்துவிட்டு, பிறகு பிள்ளைகளோடு உட்கார்ந்து படியுங்கள்.

பெற்றோரின் கேள்வியை நான் தவறென்று சொல்லமாட்டேன். பிள்ளை படித்து முன்னேற வேண்டும் என்ற கவலையிலிருந்து வருகிற கேள்வி அது. பாடப் புத்தகத்தில் பிள்ளை திணறுவது பெரும்பாலும் படிக்கும் வேகம் போதாததால்தான். வரியின் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதற்சொல் மறந்துபோகிறது. அந்த வேகம் நிறையப் படிப்பதால் மட்டுமே வரும், விருப்பமான கதையைத்தான் பிள்ளை நிறையப் படிக்கும் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். இதைவிடவும் நல்லது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு பிள்ளையை எழுப்பி ஒரு கதையைப் படிக்கச் செய்வது. படிக்கத் தெரிந்த பெரியவர் இல்லாத வீடுகளுக்கு, சொற்களே இல்லாத படநூல்களைக் கொடுத்தனுப்புங்கள். நடவுக்குப் போய்வந்த அம்மாவோ, திண்ணையில் இருக்கும் அப்பாயியோ படத்தைப் பார்த்துத் தம் வாய்மொழியில் கதை சொல்ல, பிள்ளை கேட்கும். சில நாளில் பிள்ளையே சொல்லத் தொடங்கிவிடும்.

ஆகவே புத்தகங்கள் வீட்டுக்குப் போயாக வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து 1931இலேயே மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் நூலக அறிவியலுக்கான ஐந்து விதிகள் நூலாக வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது அவற்றுள் முதல் விதி. வெள்ளிக்கிழமை மாலை கொடுத்துத் திங்கள் காலை வாங்குங்கள். பதிவேட்டை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் சற்றுக் கவனம் தேவை. அடித்தட்டு தரையிலிருந்து ஓர் அடி உயரத்திலும், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளியும் இருக்கட்டும். இராமபாணப் பூச்சி வராமல் வசம்பைத் துணியில் முடிந்து வையுங்கள். மழை விட்டதும், தை மாதத்தில் ஒருநாள் எல்லாவற்றையும் நிழலில் விரித்துக் காயவையுங்கள். அப்போது அட்டை கிழிந்து, முனை மழுங்கிக் கிடக்கும் நூல்களைத் தனியே எடுத்துவைத்து, கையிலிருக்கும் அந்த 2,000 ரூபாயில் அதே தலைப்புகளைத் திரும்ப வாங்குங்கள்.