நரம்பு வழி ஊட்டத்தால் பிள்ளையின் ஈரல் பாதிப்பு: வழக்குப் போடலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். எங்கள் மகன் 28 வாரத்திலேயே கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் பிறந்தான். குடல் அழுகி, ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். பிறகு ஏழு வாரம் பால் இல்லை. நரம்பு வழியாகத்தான் சாப்பாடு. காசு கட்ட முடியாமல் அரச வைத்தியசாலைக்கு மாற்றினோம். சேர்த்த அன்றே இரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு, ஈரல் மோசமாகப் பாதிக்கப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் அந்த ஊட்டம்தான் காரணம் என்றார்கள். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஈரலுக்கு ஆபத்து உண்டு என்று முதல் வைத்தியசாலையில் யாரும் சொல்லவில்லை. கனடாவில் உள்ள அக்கா, "அங்கே மீன் எண்ணெய்தான் ஏற்றுகிறார்கள், சோயா எண்ணெயை ஏற்றிப் பிள்ளையைக் கெடுத்துவிட்டார்கள்" என்கிறா. முதல் வைத்தியசாலையிடம் வைத்தியக் குறிப்புகளைக் கேட்டால் தருகிறார்கள் இல்லை. மிச்சப் பில்லில் பாதியைக் குறைக்கிறோம், ஒரு கடிதத்தில் கையெழுத்து வையுங்கள் என்கிறார்கள். வழக்குப் போடலாமா? வைத்தியரின் பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் எழுதலாமா?

பதில்: அந்தக் கடிதத்தில் இன்றைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். இப்படிப்பட்ட கடிதங்களின் கடைசிப் பந்தியில் "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று ஒரு வரி இருப்பது வழக்கம். அது உங்கள் கையை மட்டுமல்லாமல் மகனின் கையையும் கட்டிவிட்டதாகப் பிறகு வாதிடுவார்கள். பில்லில் குறைப்பது எவ்வளவாக இருந்தாலும், ஒரு சட்டத்தரணி வாசித்துப் பார்க்கும் வரை அந்தத் தாள் மேசையில் கிடக்கட்டும்.

இனி வழக்கின் உயிர்நாடிக்கு வருவோம். நீங்கள் கோபத்தில் இருக்கிறீர்கள், அது நியாயமான கோபம். ஆனாலும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். குடலை வெட்டிய குறைமாதப் பிள்ளைக்கு நரம்பு வழி ஊட்டம், அதாவது இரத்தக் குழாய்க்குள் நேராக ஏற்றும் சத்துத் திரவம், இல்லையென்றால் உயிரே இல்லை. அந்த ஊட்டத்தால் ஈரல் பாதிக்கப்படுவதும் வைத்திய உலகம் நன்கு அறிந்த ஆபத்து. குறைமாத ஈரல் முதிர்ந்திருக்காது. வாயால் பால் போகாதபோது பித்தம் ஓடாமல் தேங்கும். இரத்தத்தில் கிருமி தொற்றினால் இன்னும் மோசமாகும். ஊட்டத்தில் கொழுப்புக்காகச் சேர்க்கும் சோயா எண்ணெயில் உள்ள தாவரக் கொழுப்புச் சத்துகளும் இதற்குத் துணைபோகின்றன. இரண்டு வாரத்தைத் தாண்டி ஊட்டம் நீள நீள ஆபத்தும் கூடும். ஆகவே "ஊட்டத்தால் ஈரல் கெட்டது" என்று நிரூபித்தாலும் அது மட்டும் கவனயீனம் ஆகிவிடாது.

அக்கா சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. மீன் எண்ணெயால் ஆன கொழுப்புத் திரவத்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018இல் அனுமதி கொடுத்தது. ஆனால் அது கொடுக்கப்பட்டது ஏற்கெனவே பித்தத் தேக்கம் வந்துவிட்ட பிள்ளைகளுக்கு. வராமல் தடுப்பதற்கு அல்ல. முதல் நாளிலிருந்தே சோயா எண்ணெய் ஏற்றியதைக் குற்றமாகக் காட்டினால் எதிர்த்தரப்பு எளிதில் உடைத்துவிடும். நீங்கள் பிடிக்க வேண்டிய இடம் வேறு. பித்தத் தேக்கத்தைக் காட்டும் நேரடி பிலிரூபின் என்ற இரத்த அளவை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்த்தார்கள்? அது டெசிலீற்றருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டியது எந்தத் திகதியில்? தாண்டிய பிறகு கொழுப்பின் அளவைக் குறைத்தார்களா? ஒரு மில்லிலீற்றர் அளவிலாவது தாய்ப்பால் கொடுத்துப் பார்த்தார்களா? வேறு நிபுணரிடம் கேட்டார்களா, வேறு வைத்தியசாலைக்கு மாற்றச் சொன்னார்களா? ஏழு வாரமும் யாரும் பார்க்கவில்லை என்றால் அது வழக்கு. பார்த்தார்கள், முடிந்ததைச் செய்தார்கள், பலன் இல்லை என்றால் வழக்கு நிற்காது.

"எங்களுக்குச் சொல்லவில்லை" என்ற குறையும் பெற்றோராக நியாயமானதுதான். ஆனால் நீதிபதி அடுத்ததாக, சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்பார். ஊட்டமே வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியாது. மூன்றாவது வாரத்திலேயே அரச வைத்தியசாலைக்கு மாற்றியிருப்போம் என்று காட்ட முடிந்தால் அந்தக் குறைக்கு எடை உண்டு.

நம் நாட்டில் இந்த வகை வழக்குகளுக்கு வழிகாட்டி 2001இல் உயர் நீதிமன்றம் தீர்த்த பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கு. மூளைத் தண்டில் கட்டியோடு இறந்த சிறுமியின் தந்தை, வைத்தியர் சொய்சா மீது தொடுத்தது. வைத்தியரின் நடத்தைதான் மரணத்துக்குக் காரணம் என்ற தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்பதால் தந்தை தோற்றார். தவறு, பாதிப்பு, இரண்டையும் இணைக்கும் கயிறு ஆகிய மூன்றையும் வழக்காளிதான் காட்ட வேண்டும். உங்கள் விடயத்தில் அந்தக் கயிறு இரத்தப் பரிசோதனைத் தாள்களில் இருக்கிறது.

ஆகவே முதல் வேலை குறிப்புகள். எளிதான பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அரச வைத்தியசாலை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். வைத்தியக் குறிப்பு தனிப்பட்ட விடயம் என்பதால் பெற்றோராக உங்கள் எழுத்துமூலச் சம்மதத்தையும் இணையுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். முதல் வைத்தியசாலை அனுப்பிய மாற்றுக் கடிதமும், பிள்ளையைச் சேர்த்த அன்றைய இரத்தப் பரிசோதனையும் அங்கே இருக்கும். எதிர்த்தரப்பின் கை படாத சாட்சி அதுதான். தனியார் வைத்தியசாலைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். மறுத்தால் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குமுறைச் சபையிடம் முறையிடுங்கள். வழக்குத் தொடுத்த பிறகு ஆவணங்களை நீதிமன்றம் மூலம் வரவழைக்கலாம். ஆனால் அவற்றைப் பார்க்காமலே வழக்குத் தொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். சிசு வைத்தியத்தில் தேர்ந்த, இந்த வைத்தியசாலையோடு தொடர்பில்லாத ஒரு நிபுணர் தாள்களைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். கொழும்பில் அந்த வட்டம் சிறியது, சக வைத்தியருக்கு எதிராகச் சாட்சி சொல்லப் பலர் தயங்குவார்கள். அதனால் தேடலை இப்போதே தொடங்குவது நல்லது.

இலங்கையின் காலவரைச் சட்டப்படி இப்படிப்பட்ட நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம்தான். நீங்கள் கட்டிய வைத்தியச் செலவுக்கான கோரிக்கை உங்களுடையது. அதற்குக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளை பட்ட வேதனைக்கும் எதிர்காலப் பாதிப்புக்குமான கோரிக்கை அவனுடையது. அவன் பராயமடையாதவனாக இருக்கும் வரை அவனுக்கு எதிராகக் காலம் ஓடாது. அதற்காகக் காத்திருக்காதீர்கள். தாள்கள் தொலைந்துபோகும். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் நாட்டை விட்டே போய்விட்டார்கள். இரண்டு கோரிக்கைகளையும் சேர்த்தே கொண்டுபோங்கள். காலத்தை மிக முந்திய திகதியிலிருந்து கணக்கிடுங்கள்.

யார் மீது? சிகிச்சை அளித்த நிபுணர் எங்கள் ஊழியர் இல்லை என்று வைத்தியசாலை சொல்லும். தாதியர், ஆய்வுகூடம், ஊட்டத்தைக் கலந்தவர்கள் ஆகியோர் வைத்தியசாலையின் ஆட்கள் என்றால் அவர்களின் தவறுக்கு அதுதான் பொறுப்பு. ஊட்டம் ஏற்றிய குழாய் வழியாகக் கிருமி தொற்றியிருந்தால் கேள்வி நேரே அங்கேதான் போகும். வைத்தியர், வைத்தியசாலை ஆகிய இரு தரப்பையும் பிரதிவாதிகளாக்குங்கள். இலங்கை மருத்துவச் சபையிடம் செய்யும் முறைப்பாடு வைத்தியரின் ஒழுக்கத்தைப் பற்றியது, அதில் பணம் கிடைக்காது. தேவை என்று தோன்றினால் சத்தியக்கடதாசியோடு செய்யலாம். அது வழக்குக்குப் பதிலாகாது.

ஃபேஸ்புக் வேண்டாம். நிரூபிக்கும் முன் பெயர் போட்டு எழுதினால் உங்கள் மீதே அவதூறு வழக்கு வரலாம். நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியையும் குறுக்கு விசாரணையில் வாசித்துக் காட்டுவார்கள். எழுத வேண்டும் போலிருந்தால் ஒரு கொப்பியில் திகதி வாரியாக எழுதி வையுங்கள்: யார் என்ன சொன்னார்கள், மலம் வெளிறியது எப்போது, சிறுநீர் கடும் மஞ்சளானது எப்போது.

ஒன்றை மறக்க வேண்டாம். பயத்தில் இப்போதைய வைத்தியர்களிடம் நரம்பு ஊட்டத்தை உடனே நிறுத்தச் சொல்லாதீர்கள். பால் கூடக்கூட அவர்களே குறைப்பார்கள். முழுப் பாலுக்கு வந்த பிறகு பல பிள்ளைகளின் ஈரல், மாதக்கணக்கில் என்றாலும், தேறி வருகிறது. ஒவ்வொரு பரிசோதனை முடிவின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். அவை மகனின் சிகிச்சைக்கும் வேண்டும், வழக்குக்கும் வேண்டும்.