ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று எச்.ஐ.வி-க்கான ஏ.ஆர்.டி மாத்திரையை நிறுத்தலாமா?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அண்ணன் இரண்டு வருடமாக எச்.ஐ.வி-க்கு டி.எல்.டி என்ற, மூன்று மருந்து சேர்ந்த ஏ.ஆர்.டி மாத்திரை எடுக்கிறார். போன வாரம் காய்ச்சலுக்கு செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்ட ஐந்து நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, பி.பி. இறங்கிவிட்டது. எப்படியோ பிழைத்துவிட்டார். இப்போது "எல்லாம் அந்த மாத்திரையால்தான்" என்று ஆறு நாளாக அதைத் தொடவே இல்லை. என்ன செய்ய?

நாளைக் காலையே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கிற ஏ.ஆர்.டி மையத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள் அம்மா. இரண்டு வருடம் தினமும் விழுங்கிய மாத்திரை ஒன்றும் செய்யவில்லை, ஊசி ஏறி ஐந்து நிமிடத்தில் ஆள் சாய்ந்தார் என்றால் சந்தேகம் ஊசி மேல்தான். மாத்திரையை நிறுத்தினால் அடங்கிக் கிடந்த கிருமி சில வாரத்திலேயே மறுபடி பெருகும், விட்டு விட்டு எடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாகலாம். அவருக்கு ஹெபடைடிஸ் பி-யும் இருந்தால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் அதே மாத்திரைதான் அதையும் அடக்கி வைத்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் கெடும். விட்ட நாளுக்குச் சேர்த்து இரண்டு மூன்றாக விழுங்கவும் வேண்டாம்.

முழு ஊசிக்கு முன் துளி போட்டுப் பார்க்கும் டெஸ்ட் டோஸ் போட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வாமை டெஸ்ட் டோஸில் தெரியாமல் முழு ஊசியில் வருவது உண்டு, அதை நம்பி இருக்க முடியாது.

இனி ஒருமுறை இப்படி ஆனால் முதல் மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில், குறையவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் திரும்பவும். அரிப்பு, தடிப்புக்கான அவில், ஸ்டீராய்டான டெக்ஸா எல்லாம் அதற்கு அப்புறம்தான். அவிலைப் போட்டுவிட்டுக் காத்திருந்ததில் கைமீறிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். எச்.ஐ.வி இருக்கிறது என்பதற்காக இதில் எதுவும் மாறாது, தொடவும் தயங்க வேண்டியதில்லை. வீட்டில் நடந்தால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடக்க விடவே கூடாது. எங்கள் வார்டில் ஒருவர் "சரியாயிடுச்சு சிஸ்டர்" என்று பாத்ரூம் போக எழுந்தார், கதவைப் பிடித்த கை பிடித்தபடியே இருக்க அப்படியே சரிந்தார். அடங்கியது போலத் தெரிந்து சில மணி நேரம் கழித்துத் திரும்ப வருவதும் உண்டு, அதனால் டாக்டர் விடும்வரை ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும்.

ஒவ்வாமையைச் சொன்னால் எச்.ஐ.வி-யும் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கும். தனிச் சீட்டில் சிவப்பு மையில் ஊசியின் பெயர், தேதி, என்ன ஆனது, இவ்வளவுதான் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். செல்போன் கவருக்குள்ளும் ஒன்று. மருந்துக்கடையிலோ கிளினிக்கிலோ அதை நீட்டினால் போதும், ஏ.ஆர்.டி புத்தகம் தனியாக இருக்கட்டும். ஆனால் வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் மட்டும் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடச் சொல்லுங்கள், சில மருந்துகள் அதோடு சேராது. சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி சட்டம் தடுக்கிறது.

நாளை போகும்போது ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டையும் மீதி மாத்திரை டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள். அவர் வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கு அவரையே பேச வையுங்கள், கட்டணம் கிடையாது.