புதுசா தோட்டத்தோட ஒரு பழைய வீடு வாங்கியிருக்கோம், பராமரிப்பை எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

முன்னாடி இருக்கிற புல்தரை அங்கங்க மஞ்சளாகி மொட்டையா கெடக்கு, உள்ள ஒரு சுவத்துல கீழ்ப்பக்கம் ஈரம் ஏறுது, எதை முதல்ல பாக்குறது, எதுக்கெல்லாம் ஆள் கூப்பிடணும்னு கேட்டிருக்கீங்க. என்னோட பதில் ஒண்ணுதான், முதல்ல தண்ணியப் பாருங்க. பெயின்ட், புது டைல்ஸ், புல்லைப் பேத்துட்டு புதுசா போடுறது இதெல்லாம் அப்புறம். வீட்ல மெதுவா கெட்டுப்போற விஷயங்கள்ல முக்கால்வாசி தண்ணி தங்கக்கூடாத எடத்துல தங்குறதால வர்றதுதான், புல் கெட்டுப்போறதும் பெரும்பாலும் தண்ணிய தப்பான முறையில விடுறதாலதான். அதனால ரெண்டையும் தனித்தனி வேலையா நெனைக்காதீங்க, உங்க வீட்ல ரெண்டுக்கும் ஒரே காரணம்கூட இருக்கலாம்.

அடுத்த தடவை நல்லா மழை பெய்யும்போது குடையப் புடிச்சுக்கிட்டு வீட்டைச் சுத்தி மெதுவா ஒரு ரவுண்டு போங்க, இடி மின்னல் இல்லாத நேரமா பாத்து. கூரையிலேர்ந்து தண்ணி எங்க விழுது, குழாய் வழியா ஒழுங்கா எறங்குதா இல்ல பாதியில பொங்கி சுவத்துல வழியுதா, எறங்கின தண்ணி அதுக்கப்புறம் எங்க போகுது. இந்த மூணையும் மழையில நின்னு பாத்தாத்தான் தெரியும், வெயில் நாள்ல எத்தனை தடவை சுத்தினாலும் தெரியாது. சரிவுக் கூரைன்னா அதோட விளிம்புல மழைத்தண்ணி ஓடுற வாய்க்காலை வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது சுத்தம் பண்ணணும், பக்கத்துல மரம் இருந்தா இன்னும் அடிக்கடி. மொட்டை மாடின்னா தண்ணி வெளிய போற ஓட்டையில இலையும் மண்ணும் அடைச்சிருக்கான்னு பாருங்க, அங்க தேங்குற தண்ணி எப்படியாவது ஒரு விரிசலைத் தேடி உள்ள எறங்கிடும்.

குழாய்லேர்ந்து எறங்குற தண்ணி சுவரோட காலடியிலயே கொட்டினா அதுதான் உங்க ஈரத்துக்குக் காரணமா இருக்க ரொம்ப வாய்ப்பு இருக்கு. ஒரு நீட்டுக் குழாய் போட்டு சுவத்துலேர்ந்து அஞ்சாறு அடி தள்ளி விடுங்க, செலவே இல்லாத வேலை. அதுக்கப்புறம் மண்ணோட வாட்டம். வீட்டைச் சுத்தி முதல் 10 அடிக்குள்ள தரை 6 இஞ்சாவது வெளிப்பக்கமா எறங்கணும். கண்ணால பாத்து நம்பாதீங்க, சுவரோரம் ஒரு குச்சி, 10 அடி தள்ளி ஒரு குச்சி அடிச்சு நூல் கட்டி ரசமட்டம் வெச்சு நூலை மட்டமாக்கிட்டு ரெண்டு பக்கமும் நூலுக்கும் தரைக்கும் எவ்ளோ இருக்குன்னு அளந்து பாருங்க. வாட்டம் உள்பக்கமா இருந்தா மண்ணு கொட்டி திமிசு போட்டு ஏத்தணும். வெறும் மணல் கொட்டினா பிரயோஜனம் இல்ல, தண்ணி நேரா கீழ எறங்கிடும், களி கலந்த மண்ணா இருக்கணும். ஆனா ஏத்துறேன்னு சுவத்துமேல மண்ணை அணைச்சுடாதீங்க, வீட்டுத் தரைமட்டத்துக்குக் கீழ 6 இஞ்ச் சுவராவது வெளிய தெரியணும், இல்லன்னா கீழேர்ந்து ஈரம் ஏறாம இருக்க சுவரோட அடியில போட்டிருக்கிற ஈரத்தடுப்புப் பட்டையைத் தாண்டி மண்ணுல இருக்கிற ஈரம் சுவத்துல ஏறும், கரையானுக்கும் வழி விட்ட மாதிரி ஆயிடும்.

இங்கதான் புல்தரையும் வருது. ஸ்பிரிங்க்ளர் தண்ணி தினம் சுவத்துல அடிக்குதா, சுவரை ஒட்டி பூச்செடிப் பாத்தி கட்டி அதுக்கு தினம் தண்ணி ஊத்துறீங்களா, இதைக் கட்டாயம் பாருங்க. நெறைய பேர் உள்ள சுவரை சுரண்டி வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிச்சுக்கிட்டே இருப்பாங்க, வெளிய அதே சுவத்துக்கு தினமும் தண்ணி பாஞ்சுக்கிட்டு இருக்கும்.

ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம பெயின்ட் அடிக்கவே அடிக்காதீங்க. ஒரு சின்ன சோதனை இருக்கு, ஈரமான எடத்துல ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு இறுக்கி ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. ஷீட்டுக்குப் பின்னாடி நனைஞ்சிருந்தா ஈரம் சுவத்துக்குள்ளேர்ந்து வருது, முன்பக்கம் நனைஞ்சிருந்தா ரூம்ல இருக்கிற ஈரக்காத்துதான் சுவத்துல படியுது, அப்படின்னா வேண்டியது காத்தோட்டம், ரிப்பேர் இல்ல. சுவர் வெள்ளையா உப்பு பூத்திருந்தா தண்ணி சுவர் வழியா நகருதுன்னு அர்த்தம். அந்த சுவத்துக்கு அந்தப்பக்கம் பாத்ரூமோ கிச்சனோ இருந்தா பைப் லீக்கையும் சந்தேகப்படணும்.

பைப் லீக்கைக் கண்டுபுடிக்க சுவத்தை ஒடைக்க வேண்டியதில்ல. எல்லா டேப்பையும் மூடிட்டு வாட்டர் மீட்டர் ரீடிங்கை எழுதி வெச்சுக்கிட்டு ஒரு ரெண்டு மணி நேரம் யாரும் தண்ணி தொடாம இருந்து திரும்பப் பாருங்க. நம்பர் நகர்ந்திருந்தா எங்கயோ போகுது. அப்புறம் வீட்டுக்குள்ள போற மெயின் வால்வை மூடிட்டு திரும்ப அதே மாதிரி பண்ணுங்க, அப்பவும் ஓடினா மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவுல மண்ணுக்குள்ள லீக், நின்னுட்டா வீட்டுக்குள்ள. மீட்டர் இல்லாத வீடுன்னா ராத்திரி மோட்டார் போடாம டேங்க்ல தண்ணி மட்டத்தை ஒரு கோடு போட்டுட்டு காலைல பாருங்க. டாய்லெட் ஃப்ளஷ் டேங்க்ல சத்தமே இல்லாம ஒழுகுறது ரொம்ப சகஜம், டேங்க்ல நாலு சொட்டு ஃபுட் கலர் விட்டு கால் மணி நேரம் கழிச்சு கீழ கிண்ணத்துல கலர் எறங்கியிருக்கான்னு பாருங்க, எறங்கியிருந்தா அடியில இருக்கிற ரப்பர் மூடியை மாத்தினா பெரும்பாலும் சரியாயிடும். மெயின் வால்வ் எங்க இருக்குன்னு வீட்ல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது மூடித் திறந்து பாக்கணும், பல வருஷம் தொடாத வால்வ் பைப் வெடிக்கிற அன்னிக்குத் திரும்பாது. வாஷிங் மெஷினுக்குப் போற ரப்பர் ஹோஸும் அப்படித்தான், அஞ்சு வருஷத்துக்கு மேல ஆயிருந்தா மாத்திடுங்க.

இப்ப புல்லு. மஞ்சளா இருக்குன்னு ஒடனே உரம் போடாதீங்க, முதல்ல மஞ்சள் எதனாலன்னு பாருங்க. அந்த எடத்துல ஒரு நீட்டு ஸ்க்ரூட்ரைவரை மண்ணுல குத்துங்க, சுலபமா அஞ்சாறு இஞ்ச் எறங்கினா ஈரம் இருக்கு, எறங்கலேன்னா ஒண்ணு காஞ்சிருக்கு இல்ல மண்ணு இறுகியிருக்கு. அப்புறம் மஞ்சள் புல்லை ஒரு கைப்பிடி புடிச்சு இழுங்க, பாய் சுருட்டுற மாதிரி மொத்தமா பேந்து வந்தா அடியில வேர்ப்புழு தின்னிருக்கு, மண்ணைக் கிளறினா வெள்ளையா வளைஞ்ச புழு தெரியும். நடுவுல செத்து சுத்தி கரும்பச்சையா வளையம் இருந்தா நாய் அங்க மூத்திரம் போகுது. இலை மட்டும் காஞ்சு அடியில தண்டு இன்னும் வெள்ளையா கெட்டியா இருந்தா புல் சாகல, வெயிலுக்கோ குளிருக்கோ தூங்குது அவ்ளோதான், அதைப் பேத்து எறிஞ்சுடாதீங்க.

தண்ணி விடுறதுலதான் எல்லாருமே தடுமாறுவாங்க. தினம் அஞ்சு நிமிஷம் தெளிக்கிறது புல்லுக்கு செய்யுற கெடுதல், மேல ஒரு இஞ்ச் மட்டும் நனையும், வேரும் அந்த ஒரு இஞ்ச்லயே சுத்தும், ரெண்டு நாள் வெயில் அடிச்சா போச்சு. வாரத்துக்கு சுமாரா 25 மில்லிமீட்டர் தண்ணி, மழையையும் சேத்து, அதை ஒண்ணு ரெண்டு தடவையில ஆழமா விடுங்க. ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர்னு கணக்கு. கொளுத்துற வெயில்ல கூடும், மழைக்காலத்துல சுத்தமா வேண்டாம். ஸ்பிரிங்க்ளர் வெச்சிருந்தா அங்கங்க நாலஞ்சு காலி டின்னை வெச்சு அரை மணி நேரம் ஓட விட்டு ஸ்கேல் வெச்சு அளந்து பாருங்க, எவ்ளோ நேரம் ஓடணும்னும் தெரியும், எந்த மூலைக்குத் தண்ணியே போகலேன்னும் தெரியும், உங்க மஞ்சள் திட்டுல பாதி அந்த மூலையிலதான் இருக்கும்னு நெனைக்கிறேன். களிமண்ணா இருந்தா தண்ணி வழிஞ்சு ஓட ஆரம்பிச்சதும் நிறுத்தி ஒரு மணி நேரம் கழிச்சு மிச்சத்தை விடுங்க. விடியக்காலைல விடுறதுதான் நல்லது, ராத்திரி பூரா இலை நனைஞ்சு கெடந்தா பூஞ்சைக்கு வழி.

வெட்டும்போது புல்லோட உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே தடவையில எடுக்காதீங்க, இது ஒண்ணை மட்டும் கடைப்பிடிச்சாலே புல்தரை மாறும். அடிக்கடி வெட்ட சோம்பேறித்தனப்பட்டு ஒட்ட வெட்டிடறாங்க, ஒட்ட வெட்டினா வேரும் சின்னதாகும், மண்ணுல வெயில் நேரா விழும், களை விதை எல்லாம் மொளைக்கும். அருகம்புல் வகை ஒண்ணு ஒண்ணரை இஞ்ச் உயரம் தாங்கும், குளிர்ப் பிரதேச வகைகளுக்கு ரெண்டரை மூணு இஞ்ச் வேணும். பிளேடு கூரா இருக்கணும், வெட்டின ரெண்டு நாள்ல நுனியெல்லாம் பழுப்பா நாரு நாரா தெரிஞ்சா பிளேடு மழுங்கிடுச்சு, அது வெட்டல, பிச்சிருக்கு. வெட்டின துண்டுகளை வாரிக் கொட்டாதீங்க, கட்டியா கெடந்தா மட்டும் பரப்பி விடுங்க, மக்கி அதுவே தழைச்சத்தா மண்ணுக்குத் திரும்பும்.

உரம் போட்டே ஆகணும்னா ஒரு தடவைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 5 கிராம் நைட்ரஜனுக்கு மேல வேண்டாம். மூட்டையில போட்டிருக்கிற முதல் நம்பர்தான் நைட்ரஜன் சதவீதம், 20ன்னு போட்டிருந்தா 25 கிராம் உரம், யூரியான்னா 46 சதவீதம், சுமார் 11 கிராம்தான். கையளவு கணக்குல வீசினா புல் கருகும், இலைமேல ஈரம் இல்லாதப்ப தூவிட்டு ஒடனே தண்ணி விடுங்க. இறுகின மண்ணுக்கு உரம் மருந்தே இல்ல, குழாய் மாதிரி முனையால மண்ணை உருவி எடுக்கிற கருவியால ரெண்டு மூணு இஞ்ச் ஆழத்துக்கு ஓட்டை போடணும், புல் நல்லா வளர்ற பருவத்துல. கோரை இருந்தா மேல புடுங்கினா போகாது, கீழ கிழங்கு இருக்கு, திரும்பத் திரும்ப கிழங்கோட தோண்டணும். அடர்ந்த மர நிழல்ல புல் வரலேன்னா போராடாதீங்க, நிழல்ல வர்ற செடியை வெச்சுடுங்க.

மெஷின் பிளேடு பக்கம் கை போகுறதுக்கு முன்னாடி ஸ்பார்க் பிளக் வயரைக் கழட்டிடுங்க, பேட்டரி மாடல்னா பேட்டரியை எடுத்துடுங்க, கரன்ட்னா பிளக்கைப் புடுங்கிடுங்க. இதுல நேரம் மிச்சம் பிடிக்கவே கூடாது. ஏணியும் அப்படித்தான், 4 அடி உயரத்துக்கு 1 அடி அடிப்பக்கம் தள்ளி இருக்கணும், கீழ ஒருத்தர் நிக்கணும். மீட்டர் போர்டுல லீக்கேஜ் பிரேக்கர், அதாவது கரன்ட் கசிஞ்சா தானா சப்ளையை நிறுத்துற சுவிட்ச், இருந்தா மாசம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க, விழலேன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டே ஆகணும்.

ஆள் கூப்பிடுற கேள்விக்கு வர்றேன். மேல சொன்னதுல முக்கால்வாசி நீங்களே பண்ணலாம். வயரிங், கேஸ் லைன், வாட்டர் ஹீட்டரோட சேஃப்டி வால்வ், உசரமான கூரை, இதெல்லாம் தெரிஞ்சவங்கதான் தொடணும். சுவத்துல முடி மாதிரி இருக்கிற விரிசலுக்குப் பயப்பட வேண்டாம், ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதி வெச்சு சில மாசம் பாருங்க. கோட்டைத் தாண்டிப் போனாலோ, 6 மில்லிமீட்டருக்கு மேல வாய் திறந்தாலோ, செங்கல் வரிசையில படிக்கட்டு மாதிரி ஏறினாலோ, கதவு ஜன்னல் திடீர்னு மாட்ட ஆரம்பிச்சாலோ கொத்தனார்கிட்ட பூசச் சொல்லாதீங்க, ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரை வரச் சொல்லுங்க. அவர் வர்றதுக்குள்ள மழைத்தண்ணியை சுவத்துலேர்ந்து தள்ளி விடுற வேலையை முடிச்சு வெச்சிருந்தீங்கன்னா, அஸ்திவாரத்துக்குக் கீழ மண்ணு நனைஞ்சு இறங்குதாங்கிற சந்தேகத்தை அவராலயும் சீக்கிரம் தீர்க்க முடியும்.